வியாழக்கிழமை டாக்டர்

போன வருடம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஏழு இருபது. இடம் பெங்களூரு விவேக் நகர், சர்ச்சுக்குப் பக்கத்துத் தெரு. என் வலது கையில் கேரம் ஸ்ட்ரைக்கர் இருந்தது. எதிரே, என்னோடு ஆபீஸில் வேலை செய்யும் பெண் எனக்காக வாங்கிய மெழுகுவர்த்தியோடு நின்றுகொண்டிருந்தாள்.

நேரத்தை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நான் இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவள். எழுந்த நேரம், பஸ் ஏறிய நேரம், மாமனாருக்கு மாத்திரை கொடுத்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். மூன்று நிறத்தில் எழுதுவேன். ஆபீஸ் விஷயம் நீலம், வீட்டு விஷயம் கறுப்பு, எனக்கே எனக்கென்று செய்தது பச்சை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே கம்பெனி பேனா மூன்று வாங்கி, தேதி எழுதி ஒட்டிவிட்டுத்தான் உபயோகிப்பேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கவலையில்லை.

அதற்கு முந்தைய டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் வைத்த சாமந்தி முதல் முறையாகப் பூத்தது. அதைப் பச்சையில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. உள்ளங்கையில் தேய்த்தேன், பழைய காகிதத்தில் வட்டம் வட்டமாகக் கிறுக்கினேன். வெறும் கீறல்தான் விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குழாயில் முக்கால்வாசி மை அப்படியே இருந்தது. எழுதித் தீரவில்லை. எழுதாமலேயே காய்ந்துபோயிருந்தது.

உடனே ஜனவரியிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வருடம் முழுவதும் பச்சை பதினோரு இடத்தில் இருந்தது. அதில் ஏழு இடத்தில் எழுதியிருந்தது இதுதான்: 'தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.'

எனக்காக நான் செய்துகொண்டது தலைவலி மட்டும்தான் போலிருக்கிறது.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது தேவைப்படும். ரிங் ரோட்டில் உள்ள ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். புரோகிராம் எழுதுகிறவள் அல்ல. ஆடிட். ஒவ்வொரு டீமும் செய்ததாக எழுதி வைத்திருப்பதும், உண்மையில் செய்ததும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது என் வேலை. ஒன்றாக இல்லையென்றால் குறைபாட்டு அறிக்கை கொடுப்பேன். என்ன குறை, என்ன ஆதாரம், மூலகாரணம் என்ன, எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள் என்று நான்கு கட்டம் அதில் இருக்கும். நான் நோட்டோடு வருவதைப் பார்த்தால் பாதிப் பேர் ஃபோன் வந்த மாதிரி எழுந்து போய்விடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஜனவரி முதல் வாரத்தில், ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இட்லி மாவு விற்கும் கடையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. படிப்பக மாடியில் பெண்களுக்குக் கேரம், செவ்வாய் வியாழன், மாலை ஆறரை முதல் எட்டரை வரை. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் வெறித்தனமாக ஆடியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ட்ரைக்கரைத் தொட்டதே இல்லை. மாவுப் பாத்திரத்தோடு அங்கேயே நின்று இரண்டு தடவை படித்தேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பேர் குடுத்துடு. அந்த ரெண்டு நாள் ராத்திரி சமையல் என்னுது. உப்புமாதான். ஏன் உப்புமான்னு மட்டும் கேக்கக் கூடாது."

படிப்பக மாடியில் நான்கு போர்டுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே தாழ்வாகத் தொங்கும் ஒரு பல்பு. வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். தையல் கடை வைத்திருப்பவர், நர்ஸ், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை செய்பவர் என்று பல விதம். எனக்கு ஜோடியாகக் கிடைத்தவள் நீலசந்திராவில் குடியிருப்பவள், மாநகராட்சியில் தெருக் கூட்டும் வேலை. என் வயதுதான், என்னைவிட இரண்டு மாதம் இளையவள். முதல் நாளே மூன்று காயை ஒரே சுண்டில் குழிக்குள் தள்ளிவிட்டு, நான் ஆடியதைப் பார்த்து, "கை நல்லாகீது, கண்ணுதான் ஆபீசுலயே இருக்குது" என்றாள்.

கண் ஆபீஸில்தான் இருந்தது. ஆபீஸ் காலண்டரில் செவ்வாயும் வியாழனும் ஆறு மணியிலிருந்து 'சொந்த வேலை' என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். எங்கள் ஆபீஸில் எல்லோருடைய காலண்டரையும் எல்லோரும் பார்க்கலாம். காலியாக இருக்கும் இடத்தில் மீட்டிங் போட்டுக்கொள்வார்கள். என் கட்டம் காலியாக இல்லை. ஆனாலும் போட்டார்கள்.

"ஃபைவ் மினிட்ஸ்தான் மேடம், சொந்த வேலைதானே" என்று ஒருவர். "ஆட்டோல போய்க்கிட்டே பேசலாமே" என்று இன்னொருவர். முதல் மூன்று வாரத்தில் ஆறு நாளில் நான்கு நாள் நான் ஏழே காலுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். என் ஜோடி போர்டில் பவுடர் தூவிவிட்டு, தனியாகக் காயை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருப்பாள்.

"இன்னாம்மா, வுட்டாங்களா? காலைல அஞ்சரைக்குத் தொடப்பம் புடிச்சவ நான் வந்துட்டேன். ஏசில குந்திகினு இருந்தவ நீ லேட்டு."

"வர முடியலம்மா. மீட்டிங்."

"நான் மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன். செவ்வா வியாழன் சாயங்காலம் எக்ஸ்ட்ரா வேலைன்னு என்னக் கூப்புடாத, கேரம் ஆடப் போறேன்னு. சிரிச்சான். சிரிச்சிக்கோன்னு வந்துட்டேன்."

அவள் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். என்னால் மட்டும் அதைச் செய்ய முடியவில்லை. நாற்பத்தேழு வயதில், ஆடிட் மேடம் என்று பெயர் வாங்கிய பிறகு, கேரம் ஆடப் போகிறேன், மீட்டிங்குக்கு வர முடியாது என்று எப்படிச் சொல்வது? பிப்ரவரி முதல் திங்கட்கிழமை, காலை ஒன்பது ஐம்பதுக்கு, காலண்டரைத் திறந்து 'சொந்த வேலை' என்பதை அழித்துவிட்டு 'டாக்டர்' என்று போட்டேன்.

மந்திரம் போட்டது போல இருந்தது. அடுத்த நாளிலிருந்து அந்தக் கட்டத்தை யாரும் தொடவில்லை. ஐந்து ஐம்பதுக்கு நான் பையை எடுத்தால், பேசிக்கொண்டிருப்பவர்கள் குரலைத் தாழ்த்தி வழி விட்டார்கள். வியாழக்கிழமை ஆறரை மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ஒரு ஃபோன் கால் உண்டு, வருடக்கணக்காக நான்தான் எடுப்பேன். எங்கள் மேனேஜர் கன்னடக்காரர், நல்ல மனிதர். அவரே என் மேசைக்கு வந்தார். "அந்த கால் பத்தி நீங்க யோசிக்க வேணாம் மேடம். நான் பாத்துக்கறேன். ஆரோக்ய முக்ய."

மார்ச் மாதத்திலிருந்து அந்த ஃபோன் காலை என் டீமில் இருக்கும் பெண் எடுத்தாள். விவேக் நகரில் குடியிருக்கிறாள், முப்பத்தைந்து வயது இருக்கும், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மறுநாள் காலை கால் பற்றிய குறிப்பு அவள் பெயரில் வரும். நான் படித்து, ஒரு இடத்தில் திருத்தி, நன்றி என்று எழுதி அனுப்புவேன். எல்லோரையும் ஏன், எப்படி, எதற்கு என்று குடைகிற நான், அந்த ஆறரை மணியில் அவள் முன்பு என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

'டாக்டர்' என்று மாற்றிய நாளில் டைரியில் என்ன எழுதினேன் தெரியுமா? நீல மையில், 'காலண்டர் திருத்தப்பட்டது.' யார் திருத்தினார்கள், என்னவென்று திருத்தினார்கள், ஒன்றும் இல்லை. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நான் சிவப்பில் வட்டம் போட்டிருப்பேன்.

ஆட்டம் நன்றாக வந்தது. பச்சைப் பேனா வாரத்துக்கு இரண்டு பக்கம் எழுதியது. ஆனால் ஆபீஸில் வேறு ஒரு கதை வளர்ந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. சுண்டிச் சுண்டி ஆள்காட்டி விரல் நகம் வெடித்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். எங்கள் மாடியில் கேரம் பவுடர் என்பது போரிக் பவுடர்தான், அதை மெடிக்கல் ஷாப்பில்தான் வாங்க வேண்டும். ஆகவே என் பையில் எப்போதும் ஒரு மெடிக்கல் கவர் எட்டிப் பார்க்கும். கறுப்புச் சுடிதாரின் கையில் வெள்ளைத் தூள். யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று இறங்கிய குரலில் கேட்டால், குற்ற உணர்ச்சியில், "பரவாயில்ல" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். இதைவிட ஒரு நோயாளி எப்படி இருக்க முடியும்?

மே மாதத்தில் மேனேஜர் ஒரு ஸ்டீல் டப்பாவை என் மேசையில் வைத்தார். "ராகி மால்ட், என் வைஃப் குடுத்தாங்க. தெம்பு வரும்." மறுக்க வாய் வரவில்லை. குடித்தேன்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று எங்களுக்கும் விவேக் நகர் பெண்களுக்கும் போட்டி. அவர்களுடைய மன்றம் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி. வியாழக்கிழமை சர்ச்சில் நவநாள் வழிபாடு என்பதால் தெரு முழுக்க ஜனம், மெழுகுவர்த்திக் கடை, பூக்கடை. நாங்கள் மாடிக்குப் போய்ச் சேருவதற்கே பத்து நிமிடம் பிடித்தது. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் வெற்றி. முதல் ஆட்டத்தை எடுத்துவிட்டோம். சிவப்புக் காயான ரெட்டை நான் போட்டேன், அதை உறுதிசெய்ய அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயையும் நானே போட்டேன். என் ஜோடி என் முதுகில் வைத்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

அங்கே இருந்த பவுடர் ஈரம் கோத்துக் கட்டியாகக் கிடந்தது. ஸ்ட்ரைக்கர் ஓடவில்லை. இடைவேளையில் நான் கீழே இறங்கி, மெடிக்கல் ஷாப்பில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவசரத்தில் ஸ்ட்ரைக்கரையும் கையோடு எடுத்து வந்திருந்தேன்.

"அக்கா!"

மெழுகுவர்த்திக் கடையை ஒட்டி என் டீம் பெண் நின்றிருந்தாள். பார்வை நேராக மெடிக்கல் கவருக்குப் போனது.

"இங்கதான் டாக்டரா? தனியாவா வந்தீங்க? நடக்க முடியுதா அக்கா, ஆட்டோ கூப்பிடவா?"

அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் காட்டினாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"உங்க கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஒம்போது வியாழன் உங்களுக்காக வேண்டிக்கிட்டேன்க்கா. இன்னிக்கு ஒம்போதாவது. அந்த ஃபோன் கால முடிச்சிட்டு நேரா ஓடி வரேன். பாருங்க, நீங்களே வந்து நிக்கிறீங்க."

அந்த நேரம் பார்த்து மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. தெருவே நிமிர்ந்து பார்க்கும் குரல்.

"எம்மா! பவுடர் வாங்கப் போனியா, செய்யப் போனியா? ரெண்டாவது ஆட்டம் கூப்ட்டாங்க! ஸ்ட்ரைக்கர வேற எடுத்துனு பூட்ட!"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கவரைப் பார்த்தாள். பிளாஸ்திரி ஒட்டிய என் விரலையும், கையில் இருந்த ஸ்ட்ரைக்கரையும் பார்த்தாள்.

"பவுடரா?"

"கேரம் பவுடர்."

"அப்போ டாக்டர்?"

"டாக்டர் இல்லம்மா. கேரம்தான். பிப்ரவரியிலேர்ந்து."

சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "அப்போ உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

அவள் பெருமூச்சு விட்டாள். கண் கலங்கியது. முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை நான் பார்த்தேன், அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்து முகம் மாறியது.

"வியாழக்கிழமை ஆறு மணிப் பூசைல நான் கொயர்ல பாடுவேன்க்கா. பதினாலு வருஷமா. மார்ச்லேர்ந்து போகல. உங்க ஃபோன் காலுக்காக."

அவ்வளவுதான். கூட்டத்துக்குள் போய்விட்டாள். மெழுகுவர்த்தியைக் கொண்டுபோனாளா, கடையிலேயே வைத்துவிட்டாளா என்றுகூட நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது ஆட்டம் தோற்றோம். மூன்றாவதில், ஒரு குழந்தை தள்ளினாலும் விழுகிற காய், குழியின் உதட்டில் நின்றது, நான் அடித்ததில் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து உள்ளே போய் மைனஸ் ஆனது. அதோடு போட்டி முடிந்தது. தெருமுனையில் நின்று என் ஜோடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்லா கீறவ நோவுன்னு எழுதி வெப்பியா?" என்றாள். "கேரம் ஆடறதுல இன்னாம்மா வெக்கம்? சீட்டா ஆடறோம்? அது சரி, அந்தப் பொண்ணு பாட்டு போச்சே, அதுக்கு இன்னா பண்ணப் போற?"

அதுதான் கேள்வி. நான் இத்தனை மாதமும் வேலையிடமிருந்து நேரத்தை மீட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவளிடமிருந்து எடுத்திருந்தேன். என் பச்சைப் பக்கங்களில் பாதி அவளுடையது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஏழே முக்காலுக்கே ஆபீஸுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சரிசெய்யலாம் என்று தோன்றியது. குறைபாட்டு அறிக்கை ஒன்றைத் திறந்து, யார் மீது என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

குறை: பிப்ரவரி முதல் காலண்டரில் பொய்யான பதிவு. ஆதாரம்: மருத்துவர் யாரும் இல்லை, கேரம் போர்டு உண்டு. இதுவரை எளிதாக வந்தது. மூலகாரணம் என்ற கட்டத்தில், 'சொந்த வேலை என்று எழுதினால் மற்றவர்கள் மதிப்பதில்லை' என்று எழுதினேன். பிறகு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எந்த டீமாவது பழியை அடுத்தவர் மேல் போட்டு மூலகாரணம் எழுதினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அழித்துவிட்டு எழுதினேன்: 'விளையாடப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.' அந்த ஒரு வரியை எழுத நாற்பது நிமிடம் ஆயிற்று.

பத்தரை மணி டீம் மீட்டிங்கில் பதினோரு பேர். மேனேஜர் வழக்கம்போல எனக்கு முதுகு சாய்கிற நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காராமல் நின்றுகொண்டே அறிக்கையைப் படித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. வியாழக்கிழமை ஃபோன் காலை எனக்காக எடுத்தவர் தன்னுடைய பாட்டை இழந்தார் என்பதையும், அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்பதையும் கடைசியில் சேர்த்திருந்தேன்.

படித்து முடித்தேன். மேனேஜர் மெதுவாக, "மேடம், அந்த ராகி மால்ட்?" என்றார்.

"குடிச்சேன் சார். ரொம்ப நல்லா இருந்தது."

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டி எல்லோரும் சிரித்தார்கள். "நான் உங்களுக்கு லாங் லீவு ஃபார்ம் எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன் மேடம், எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்காக வேண்டிக்கொண்டவள் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

சரிசெய்யும் நடவடிக்கை என்ற கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அன்று மதியமே வாடிக்கையாளருக்கு எழுதினேன். வியாழக்கிழமை மாலை எங்கள் டீமில் ஒருவர் சர்ச்சில் பாடுகிறார், ஒருவர் கேரம் ஆடுகிறார், இந்த ஃபோன் காலை இந்திய நேரம் மூன்று மணிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று, உள்ளதை உள்ளபடி கேட்டேன். மாலைக்குள் பதில் வந்துவிட்டது. அவர்களுக்கும் காலையிலேயே முடிவது வசதிதானாம். கேரம் என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் நாங்கள் யாரும் கேட்டதே இல்லை, அதனால்தான் அந்தக் கால் ஆறரை மணியிலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த மெயிலை அவளுக்கு அனுப்பி வைத்தேன். 'சரி அக்கா' என்று இரண்டு வார்த்தை வந்தது.

நான் காலண்டரைத் திறந்து 'டாக்டர்' என்பதை அழித்து, 'கேரம்' என்று எழுதினேன். முதல் வாரமே ஒருவர் அதன் மேல் மீட்டிங் போட்டார். முன்பானால் ஐந்து நிமிடம்தானே என்று போயிருப்பேன். 'அந்த நேரம் எனக்குக் கேரம். நாளைக் காலை பத்தே காலுக்கு வாருங்கள்' என்று பதில் எழுதினேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. மனிதர் பத்தே காலுக்கு வந்தார். வந்தவுடன், "ரெட்டை எப்ப எடுக்கணும் மேடம், முதல்லயா கடைசிலயா?" என்று கேட்டார்.

அவள் இரண்டு வாரம் என்னோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று நானும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, ஐந்து மணிக்கு, பையை மாட்டிக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தாள்.

"அன்னிக்கு அந்த மெழுகுவத்தியக் கொளுத்திட்டேன்க்கா, ஒம்போதாவது."

"கோவத்துலயுமா?"

"கோவத்துலதான். வேண்டிக்கிட்டத பாதில விடக் கூடாதுல்ல? அக்காவுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வேண்டினேன். ஒண்ணும் இல்ல. வேண்டுதல் பலிச்சிடுச்சு, அப்புறம் நான் யார் மேல கோவப்படறது?" வாசல் வரை போனவள் திரும்பி, "ஆனா அடுத்த தடவ நிஜமாவே ஜுரம்னு சொன்னா தெர்மாமீட்டர் காட்டணும்" என்றாள்.

அவள் காலண்டரில் அன்று 'கொயர்' என்று ஒரு கட்டம் முளைத்திருந்தது. பக்கத்து வரிசையில் ஒருவர் இருக்கிறார், புதன்கிழமைதோறும் ஐந்தரைக்குப் 'பல் டாக்டர்' போட்டிருப்பார். ஒரு வருடமாக அவருக்கு எத்தனை பல்தான் இருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. செப்டம்பர் கடைசியில் அந்தக் கட்டம் 'மகளோடு சைக்கிள்' என்று மாறியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆடிட் செய்கிறவளுக்கும் சில இடங்களில் பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

நவம்பரில் விவேக் நகர் பெண்களோடு மறுபடி மோதினோம், இந்த முறை எங்கள் மாடியில். கடைசி ஆட்டத்தில் இரு பக்கமும் சமம். போர்டில் ரெட்டும் எங்கள் காய் ஒன்றும் அவர்கள் காய் ஒன்றும் மட்டும். என் முறை. எதிர்க் கட்டையில் தட்டி ரெட்டை உள்ளே அனுப்பினேன். ஃபாலோ காய் அதே குழியின் உதட்டில், ஆகஸ்டில் நான் தவறவிட்ட அதே இடத்தில் நின்றது. என் ஜோடி காதருகே, "மெதுவா. காலண்டர்ல எழுதினு வந்த ஆட்டம்தான இது, யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சுண்டினேன். காய் விழுந்தது, ஸ்ட்ரைக்கர் வெளியே நின்றது. மாடி முழுக்கச் சத்தம். நிமிர்ந்து பார்த்தால், வாசற்படியில் கொயர் வெள்ளைப் புடவையில் அவள். பூசை முடிந்து நேராக வந்திருக்கிறாள். கை தட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் உப்புமா டப்பாவோடு என் கணவர்.

நான் பெரிதாக எதையும் சாதித்தவள் இல்லை. பரிசென்று கிடைத்தது ஒரு சின்னக் கோப்பை. அதுவும் முறை வைத்து, ஒரு மாதம் நீலசந்திராவில் என் ஜோடி வீட்டில், ஒரு மாதம் என் வீட்டில். ஆனால் இத்தனை வருடத்தில் நான் கொடுத்த எத்தனையோ அறிக்கைகளில், என் மீதே நான் கொடுத்த அந்த ஒன்றைத்தான் மிகச் சரியாக எழுதினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அந்த வருடம் வாங்கிய பச்சைப் பேனா அக்டோபரிலேயே எழுதாமல் நின்றது. உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழாய் காலி. கடையில் இன்னொன்று வாங்கித் தேதி ஒட்டினேன், காலியானதைத் தூக்கிப் போட மனம் வராமல் டைரிக்குள் வைத்திருக்கிறேன். யாராவது எனக்கு நேரமே இல்லை என்று சொல்லும்போது அதைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். எனக்கும் நேரம் இருந்ததே இல்லை, அதன் பெயரை வெட்கப்படாமல் எழுதிய நாளில்தான் அது எனக்குக் கிடைத்தது.